மூணாவது தடவை

கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார். அந்த ரப்பர் வளையத்தை மடியில வச்சுக்கங்க, எனக்குக் காலு வைக்க எடம் வேணும்ல. வீட்டுலயே ஊதி வேற எடுத்துட்டு வந்துட்டீங்க. முன்னாடி சீட்டுல இருக்கிறது உங்க சம்சாரமும் புள்ளைங்களும்தானே? தீம் பார்க்குக்குத்தானே போறீங்க? போங்க போங்க. மதுரையில பாதி சனம் இந்த மே மாசத்துல அங்கதான் கெடக்கு. நானும் அங்கனதான் எறங்குறேன். ஆனா உள்ள போகமாட்டேன். வாசல்ல நிப்பேன். ஏன்னு கேளுங்க. கேக்கமாட்டீங்க. இந்தக் காலத்துல யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேக்குறதில்ல. நானே சொல்றேன்.

எம்பேரு தவமணி. மேலூர்ல பத்திரம் எழுதுறேன், இருபத்தாறு வருசமா. ஒரு பத்திரத்துல இனிஷியல் முன்னப்பின்ன இருந்தாக்கூட விடமாட்டேன். இன்னார் மகன் இன்னார், இந்த ஊரு, இந்தக் கதவு எண்ணு, எல்லாம் அதது எடத்துல இருக்கணும். மனுசனும் அப்படித்தான் சார். மாப்பிள்ளைன்னா மாப்பிள்ளை எடத்துல வைக்கணும். கல்யாணமாகி பத்தொம்பது வருசம் ஆச்சு, இன்னுமா மாப்பிள்ளை முறுக்குன்னு எம்முதுகுக்குப் பின்னால பேசுறாங்களாம். பத்தொம்பது வருசம் ஆனா நான் வேற ஆளா ஆயிருவேனா? அந்த வீட்டுக்கு ஒரே பொண்ணு எஞ்சம்சாரம் செண்பகம். ஒரே பொண்ணுக்கு ஒரே மாப்பிள்ளை. இதுல கணக்குப் பண்ண என்ன இருக்கு.

எம்மாமனார் இருந்த வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. மே மாசம் வந்தா அவரு வீட்டு ஆளுக எல்லாம் சேந்து ஒரு நாள் எங்கயாச்சும் போவாங்க. வைகை அணை, குத்தாலம், ரெண்டு தடவை இதே தீம் பார்க்கு. எங்க போனாலும் மொதல்ல எங்கிட்ட வந்து கூப்பிடணும். நேர்ல. ஃபோன்ல சொன்னா நான் சரியாக் கேக்கலைன்னு சொல்லி வச்சிருவேன். வெத்தலை பாக்கு பழத்தோட வருவாரு மனுசன். நான் என்ன சொல்லுவேன்? முடியாதும்பேன். சோலி தலைக்கு மேல கெடக்கு மாமா, நீங்க போய்ட்டு வாங்கம்பேன். போயிருவாரு. நாலு நாள் கழிச்சு மறுபடி வருவாரு. அப்பவும் முடியாதும்பேன். மூணாவது தடவை வந்து, நீங்க வராம நாங்க எப்படி மாப்ள போறதும்பாரு. அப்பத்தான் சரிம்பேன். இதை யாரும் எழுதி வைக்கல. ஆனா அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூப்பிட்டவுடனே சட்டையை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா, இவனுக்கு வேற பொழப்பில்ல போலன்னு நெனைச்சிருவாங்கள்ல.

கடைசியா அவரு கூப்பிட வந்தது போன வருசத்துக்கு முந்தின வருசம். முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு அவருக்கு. எங்க வீடு மாடியில. இருபத்தொரு படி. அக்கினி நட்சத்திரத்துல, உச்சி வெயில்ல, மூணு தடவையும் ஏறி வந்தாரு சார். படிக்குப் படி நின்னு நின்னு. மேல வந்தா அஞ்சு நிமிசம் பேச்சு வராது, கையைக் கையைக் காட்டுவாரு. செண்பகம் ஓடிப்போய் மோரு கொண்டாந்து குடுப்பா. நான் சேர்ல உக்காந்தபடியே பாத்துக்கிட்டிருப்பேன். எனக்குக் கண்ணு கலங்கிரும். அதுதான் சார் மரியாதைங்கறது. இன்னைக்கு எவன் ஏறுவான் அப்படி?

பார்க்குக்குள்ள போயி நான் ஆட்டமெல்லாம் போடமாட்டேன், தப்பா நெனைக்காதீங்க. ஈரத் துணியோட நாலு பேரு முன்னால நிக்கிறது எனக்கு ஆகாது. நான் தண்ணியில எறங்கமாட்டேன், நான் எறங்கலைன்னா செண்பகமும் எறங்கமாட்டா. எல்லாரோட பையும் செருப்பும் கழட்டிக் குடுத்த செயினும் எங்ககிட்டத்தான் இருக்கும். நெழலாப் பாத்து ரெண்டு பேரும் உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் நகர மாட்டோம். அவளுக்கும் அதுதான் பிடிக்கும். எறங்கட்டுமான்னு ஒரு நாளும் எங்கிட்டக் கேட்டதில்ல. அந்த அலையடிக்கிற குளத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. அம்புட்டு அமைதி.

மாமனார் போன வருசம் தையில போய்ச் சேந்துட்டாரு. துக்க வருசம், யாரும் எங்கயும் போகல. இந்த வருசம் சித்திரை பொறந்ததும் எம்மச்சான் திருநாவு, செண்பகத்துக்கு அண்ணன், செல்போன்ல ஒரு குரூப்பு ஆரம்பிச்சாரு. ‘சம்மர் ஜாலி’ன்னு பேரு. பேரைப் பாருங்க. அதுல என்னையும் சேத்துட்டாரு, கேக்காமக் கொள்ளாம. காலையில எந்திரிச்சுப் பாக்குறேன், பதினாலு பேருல ஒருத்தனா நானும் அதுல கெடக்குறேன். ரேஷன் கார்டுல பேரு ஏத்துன மாதிரி.

அதோட விட்டாங்களா? ஒரு ஓட்டெடுப்பு வச்சாங்க. சனிக்கிழமை போறதா, ஞாயித்துக்கிழமை போறதான்னு. எது வேணுமோ அதை வெரல வச்சு அமுக்கணுமாம். எனக்கும் ஒரு ஓட்டு, திருநாவோட கடைசிப் பய, நாலாங்கிளாசு படிக்கிறான், அவனுக்கும் ஒரு ஓட்டு. நான் அமுக்குவேனா? அமுக்கல. தமிழ்ல அழகா, பிழையில்லாம, ‘இச்சுற்றுலா தொடர்பாக எனக்கு முறைப்படி அழைப்பு எதுவும் வரப்பெறவில்லை’ன்னு எழுதி அனுப்புனேன். அதுக்கு பதிலு என்ன வந்துச்சு தெரியுமா? கட்டை வெரலு. அந்த நாலாங்கிளாசுப் பய அனுப்புனான். மத்தவுக எல்லாம் புளியோதரையா தக்காளிச் சோறான்னு அடுத்த ஓட்டுக்குப் போயிட்டாங்க.

செண்பகத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்தா பாரு, எனக்காக இல்ல, உங்கப்பா வச்சிட்டுப் போன மொறைக்காகச் சொல்றேன், உங்கண்ணன் நேர்ல வந்து கூப்பிடணும், சோடியா வரணும், இல்லைன்னா இந்த வீட்டுலருந்து ஒருத்தரும் வரமாட்டோம்னு சொல்லிரு. அவ போனை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. என்ன சொன்னாளோ எப்படிச் சொன்னாளோ, அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துட்டாங்க. திருநாவும் அவரு சம்சாரம் பரமேசும். பை நெறைய கல்லாமை மாம்பழம். வெத்தலை பாக்கு இல்ல. சரி போகட்டும்னு விட்டேன். நான் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்ல சார்.

உக்காந்தாங்க. காப்பி குடிச்சாங்க. எட்டாந்தேதி பார்க்குக்குப் போறோம் மாப்ள, நீங்களும் வரணும்னாரு. நான் சொன்னேன், சோலி கெடக்கு மச்சான்னு. அது ஞாயித்துக்கிழமை, ஆபீசு லீவு, அது அவருக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் அடுத்த தடவை கேக்கணும். கேட்டாரு. பரமேசும் சொல்லுச்சு, வாங்கண்ணே, புள்ளைக ஆசைப்படுதுகன்னு. எனக்குத் தண்ணி ஒத்துக்காது தங்கச்சின்னேன். ரெண்டு ஆச்சா? இனி ஒண்ணுதான். நான் சேர்ல நிமிந்து உக்காந்தேன். சரிங்கற வார்த்தை நாக்கு நுனியில நிக்குது. செண்பகம் சமையக்கட்டு வாசல்ல நின்னு எம்மூஞ்சியையே பாக்குறா.

திருநாவு டம்ளரைக் கீழ வச்சாரு. எந்திரிச்சாரு.

"சரி மாப்ள, உங்களச் சங்கடப்படுத்தல. செண்பகத்தையும் புள்ளையையும் மட்டும் அனுப்பி வைங்க. பத்திரமாக் கொண்டாந்து விட்டுர்றோம்."

நான் முடியாதுன்னு சொன்னதை அந்தாளு நெசம்னு எடுத்துக்கிட்டாரு சார். ரெண்டு ஊருல அரிசிக் கடை வச்சிருக்கிற ஆளு, சம்பந்தம் பேசப் போனா நாலு வீட்டுல அவரைத்தான் கூப்பிடுறாங்க, அவருக்குத் தெரியாதா முடியாதுன்னா என்ன அர்த்தம்னு? தெரியும். வேணும்னுதான் செஞ்சிருக்காரு. படியில எறங்குறப்ப பரமேசு என்னமோ சொல்லிச் சிரிக்குது, அவரும் சிரிக்கிறாரு. இருபத்தொரு படியும் சிரிச்சுக்கிட்டே எறங்குனாங்க. நான் எண்ணிக்கிட்டிருந்தேன்.

நீங்க சும்மா தலையாட்டாதீங்க. நான் சொல்றது சரின்னா சரின்னு சொல்லுங்க, தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க.

அன்னைக்கே சொல்லிட்டேன், ஒருத்தரும் போகக் கூடாதுன்னு. எம்மக ஓவியா, ஒம்பதாவது முடிச்சிருக்கா, அவ அழுதா. அழுதுட்டு அப்புறம் எங்கிட்டப் பேசுறதை நிப்பாட்டிட்டா. தட்டைக் கொண்டாந்து வைப்பா, தண்ணி வைப்பா, ஒரு வார்த்தை வராது. அவங்கம்மா பழக்கிக் குடுத்தது. நான் அசரல. அந்தக் குரூப்பை விட்டு வெளிய வந்துட்டேன். ‘தவமணி வெளியேறினார்’னு அதுவே போட்டுருச்சு. மிச்சப் பதிமூணு பேருக்கும் தெரியுற மாதிரி. இப்பப் பதறிக்கிட்டு வருவாங்க பாருன்னு போனைக் கையிலயே வச்சிருந்தேன். குளிக்கப் போறப்பக்கூட சன்னல் மேல வச்சிட்டுத்தான் குளிச்சேன். பதினாலு நாளாச்சு சார். திரும்பச் சேக்குறதுக்கு ஒரு பட்டனைத்தானே அமுக்கணும்? ஒருத்தர் வெரலும் அந்தப் பக்கம் போகல.

அதுக்கப்புறம் அதுல என்ன ஓடுதுன்னு நான் எட்டிப் பாக்கல. செண்பகம் போனை மேசை மேல வச்சிட்டுப் போயிருவா, அது தானா வெளிச்சம் போட்டுக்கிட்டே இருக்கும், கண்ணு பட்டா நான் என்ன பண்றது? ‘மாமா வரலையாம்’னு ஒருத்தன் போட்டிருக்கான். அதுக்குக் கீழ அந்த நாலாங்கிளாசுப் பய, ‘அப்ப சன்னல் சீட்டு எனக்கு’ன்னு போட்டிருக்கான். பாத்தீங்களா? நான் வந்தா வேன்ல சன்னல் சீட்டு எனக்குத்தான்னு அந்தச் சின்னப் பயலுக்கே தெரிஞ்சிருக்கு. அவனுக்கு இருக்கிற மட்டு மரியாதை பெரியவுகளுக்கு இல்ல. பரமேசு போட்டிருக்கு, ‘செண்பகம், இந்த வருசமாச்சும் தண்ணியில எறங்கு, நான் கையைப் பிடிச்சுக்கிறேன்’னு. அதுக்குச் செண்பகம் என்ன எழுதியிருக்கான்னு பாக்குறதுக்குள்ள வெளிச்சம் போயிருச்சு. திறக்க நம்பரு கேக்குது. பத்தொம்பது வருசம் குடித்தனம் பண்ணியிருக்கேன், போனுக்கு என்ன நம்பரு போட்டிருக்கான்னு எனக்குத் தெரியல. ஓவியா பொறந்த தேதியைப் போட்டுப் பாத்தேன். எங்க கல்யாணத் தேதியைப் போட்டுப் பாத்தேன். ரெண்டும் இல்ல.

நேத்து சாயங்காலம் கட்டில் மேல புதுத்துணி ஒண்ணு கெடக்குது. பச்சையில ஒரு சுடிதாரு. ஓவியாவுக்குப் பெருசா இருக்கேன்னு பாத்தா, அது செண்பகத்துக்காம். அங்க சேலையோட தண்ணிக்குள்ள விடமாட்டாங்களாம். நாப்பத்தஞ்சு வயசுல சுடிதாரு. பையில துண்டு, எண்ணெய், ஓவியாவோட துணி எல்லாம் மடிச்சு மடிச்சு வைக்கிறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எம்பேச்சை மீறிப் போறியான்னு கேட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். நீ இந்தப் படியைத் தாண்டுனா அப்புறம் நடக்குறது வேறன்னேன்.

அவ கத்தல சார். கத்தியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். துண்டை மடிச்சுக்கிட்டே சொன்னா.

"நீங்களும் வாங்க. யாரும் வேணாங்கல. ஆனா கெஞ்சுறதுக்கு எனக்குத் தெம்பு இல்லைங்க. எங்கப்பா கெஞ்சுனாரு. மூணு தடவையும் அந்தப் படியேறி எறங்கிட்டு அன்னன்னைக்கு ராத்திரி பூரா முட்டிக்கு ஒத்தடம் குடுத்துட்டு அழுதாராம். எங்கம்மா எங்கிட்ட அவரு போனதுக்கப்புறம்தான் சொல்லுச்சு."

பாருங்க, செத்த மனுசனைக் கொண்டாந்து நடுவுல நிறுத்துறா. அவரு வலிக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லியிருந்தா நான் கீழ எறங்கி வந்திருக்க மாட்டேனா? ரெண்டாவது தடவையிலயே சரின்னு சொல்லியிருப்பேனே. சொல்லலையே. சிரிச்சுக்கிட்டேல்ல வந்தாரு. வீட்டுக்குப் போயி அழுதா அதுக்கு நான் என்ன பண்றது? நீங்க ஏன் சார் சன்னல் பக்கம் திரும்பிட்டீங்க? அங்க ஒண்ணும் இல்ல, கல்லு குவாரிதான்.

இன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு வேன் வந்துச்சு. நான் உள் ரூம்ல பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். குளிச்சு, தேச்ச சட்டை போட்டு, தலை வாரி. எனக்கு வெளிய ஒரு வேலை இருந்துச்சு, அதுக்குத்தான், வேற ஒண்ணும் நெனைச்சிராதீங்க. செண்பகமும் ஓவியாவும் எறங்கிப் போனாங்க. கீழ ஒரே கூச்சல், சிரிப்பு. அப்புறம் யாரோ படியேறுற சத்தம் கேக்குது. வேகமா. திருநாவுதான், வேற யாரு, அப்பன் புத்தி கடைசியில வந்திருச்சுன்னு பேப்பரை மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன். வந்து நின்னது ஓவியா. பதினாலு நாளைக்கப்புறம் வாயைத் திறந்தா. "அப்பா, சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. கொழம்பைச் சுட வச்சுக்கங்க"ன்னா. ஆணியில தொங்குன தொப்பியை எடுத்துக்கிட்டா. போயிட்டா.

வேன் கெளம்பிருச்சு. நான் சன்னலுக்கு வந்து பாத்தேன். தெருமுனையில வளையுறப்ப வேகம் கொறைஞ்சுச்சு. நிக்கப் போகுதுன்னு நெனைச்சேன். நாய் ஒண்ணு குறுக்க போச்சு போல. அது போனதும் வேனும் போயிருச்சு. எதுக்கும் அரைமணி நேரம் அங்கனயே நின்னேன். எதையாச்சும் மறந்துட்டு திரும்பி வருவாங்கள்ல. சனம்னா மறக்கும். இவங்க ஒண்ணையும் மறக்கல.

பஸ்ஸு மெதுவாப் போகுது. எடம் வந்துருச்சு போல, அந்தா ராட்டினம் தெரியுது.

சார், ஒரு ஒத்தாசை செய்யணும். நீங்க உள்ளதானே போறீங்க? அலையடிக்கிற குளம்னு ஒண்ணு இருக்கும், அங்கதான் எல்லாரும் கெடப்பாங்க. பச்சைச் சுடிதாரு, கொஞ்சம் சதைப்பிடிப்பா, நெத்தியில பெரிய பொட்டு. தண்ணியில நனைஞ்சு பொட்டு போயிருக்குமோ என்னமோ. கண்டுபிடிச்சிரலாம், பயந்து பயந்து கால வைக்கிற பொம்பளை அவ ஒருத்தியாத்தான் இருக்கும். அவகிட்டயோ, அவ அண்ணன்கிட்டயோ, வாசல்ல உங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி ஒருத்தர் நிக்கிறாருன்னு சொல்லணும். நான் சொல்லிவிட்டேன்னு சொல்லாதீங்க. நீங்களாப் பாத்த மாதிரி சொல்லுங்க. யாராச்சும் ஒருத்தர் வந்து வாங்கன்னு சொன்னாப் போதும். அந்த நாலாங்கிளாசுப் பய வந்தாக்கூடப் போதும். மூணு தடவையெல்லாம் வேணாம் சார், அதெல்லாம் அந்தக் காலம். ஒரு தடவை.

என்னது? உங்க கூடவா?

அய்யய்யோ, இல்ல இல்ல. நீங்க குடும்பத்தோட போறீங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம். எனக்கு இந்தப் பக்கம் ஒருத்தரைப் பாக்க வேண்டிய சோலி வேற கெடக்கு. தண்ணியும் எனக்கு ஒத்துக்காது. நீங்க போங்க சார், போய்ட்டு வாங்க.

புள்ளையப் பிடிங்க, படியில பாத்து எறங்குங்கம்மா. வளையம் மாட்டுது பாருங்க கம்பியில. சரி, சரி.

இந்தா கண்டக்டரு, விசிலை அடிச்சிராத, நானும் இங்கதான் எறங்கணும். பாத்தியாய்யா இந்த அநியாயத்தை? வாங்க எங்களோடன்னு வாய் நெறையக் கூப்பிட்டாரு அந்த மனுசன். முடியாதுன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். உடனே சரிங்கன்னுட்டு எறங்கிட்டாரு. இதுதான் கூப்பிடுற லெச்சணமா?

எறங்குறேன்யா, கத்தாத. ரெண்டு நிமிசத்துல உன் பஸ்ஸு ஒண்ணும் கொறைஞ்சு போகாது. அவரு திரும்பிப் பாக்குறாரான்னு பாத்துட்டு எறங்குறேன்.